ஒரு சாண் வெள்ளிக் கார்

குவைத்தில் சண்டை வந்து சித்தப்பா ஊர் திரும்பியபோது அவர் கையில் இருந்தது ஓர் அட்டைப்பெட்டி மட்டும்தான். பாலைவனத்தில் கூடாரத்தில் கிடந்து, பஸ் மாறி, விமானம் ஏறி, பம்பாயிலிருந்து ரயில் பிடித்து நீடாமங்கலத்தில் வந்து இறங்கிய மனுஷர், துணிமணி இருந்த பெட்டியைக்கூட எங்கேயோ தொலைத்துவிட்டிருந்தார். அட்டைப்பெட்டியை விடவில்லை. டேப் ரிக்கார்டர் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். அதற்கு எந்தத் துணியில் உறை தைக்கலாம் என்று அன்று ராத்திரியே யோசித்துவிட்டதாக அம்மா பிற்பாடு சொல்வார்.

பிரித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டுகள். சக்கரம், கதவு, ஸ்டியரிங், சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கண்ணாடிகள். எல்லாவற்றையும் பசை போட்டு ஒட்டினால் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கார் வரும் என்றும், அது விளையாட்டுச் சாமான் இல்லை, நிஜக் காரை அப்படியே அளவெடுத்துச் சுருக்கியது என்றும் சித்தப்பா விளக்கினார். அப்பா அதைக் கடைசிவரை கேட்டுவிட்டு, உயிரோடு வந்ததே போதும் என்று சொல்லிப் பெட்டியை மூடினார். அது பரணுக்குப் போனது. அங்கேயே மூன்று வருஷம் கிடந்தது.

அந்த மூன்று வருஷமும் சித்தப்பா அப்பாவோடு வயலுக்குப் போனார். மடை திறக்கச் சொன்னால் திறப்பார், அடைக்கச் சொன்னால் அடைப்பார். சொல்லாவிட்டால் வரப்பில் உட்கார்ந்திருப்பார். குவைத்தில் அவர் ஒரு கார் பட்டறையில் பெயிண்ட் அடிக்கும் வேலை பார்த்தவர். அப்பா வெளியில் பேசும்போது, தம்பி அங்கே கார் லைனில் இருந்தான் என்பார். அது நாலு வாய் மாறி, தம்பிக்கு அங்கே கார் இருந்தது என்றாகிவிட்டது. அதை மறுத்துச் சொல்ல எங்கள் வீட்டில் யாரும் அவசரப்படவில்லை. இருந்தும் பெண் அமையவில்லை. திரும்பிப் போகவும் மாட்டேன் என்கிறார், இங்கேயும் ஒன்றும் செய்கிற மாதிரி இல்லை என்று வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

எனக்கு ஒன்பது வயதான வருஷம், எங்கள் மாதா கோயில் திருவிழாவுக்கு யாரோ ஒருவர் புதுக் கார் ஒன்றில் வந்து இறங்கினார். வெள்ளி நிறம். அதுவரை எங்கள் பக்கத்தில் கார் என்றால் வெள்ளை அல்லது கறுப்பு. தேர்ப் பவனியை விட்டுவிட்டுப் பிள்ளைகள் அதைச் சுற்றி நின்றோம். சித்தப்பாவும் வந்தார். பின்கதவின் ஓரத்தில் குனிந்து, தொடாமல், உள்ளங்கையை அதன் மேல் ஓட்டிப் பார்த்தார். ஏதோ இடித்து, அந்த இடத்தில் மட்டும் மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்றார். எங்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அன்று சாயந்தரம் ஏணி போட்டுப் பரணில் ஏறினார்.

ஒட்டுகிற வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. பெயிண்ட்தான் படுத்தியது. கேட்டுக்கும் கிரில்லுக்கும் அடிக்கிற அலுமினியம் பெயிண்ட் ஒரு சின்ன டப்பா வாங்கிவந்து பிரஷ்ஷால் அடித்தார். காய்ந்ததும் நான் கை தட்டினேன். கிறிஸ்துமஸ் நட்சத்திரம் போல் மினுமினுத்தது. சித்தப்பா அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“இது கார் இல்ல பாப்பா. ஜிகினா.”

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். வெள்ளி பெயிண்டில் மினுக்குவது உலோகத் தூள். நிஜக் காரில் அந்தத் தூள் கண்ணுக்குத் தெரியாது, பளபளப்பு மட்டும்தான் தெரியும். காரை ஒரு சாணுக்குச் சுருக்கிவிட்டார்கள், தூளைச் சுருக்கவில்லை. அதனால் இந்தக் காரில் ஒவ்வொரு தூளும் கூழாங்கல் மாதிரி தெரிகிறது. கண் ஏமாறாது என்றார்.

அடித்ததையெல்லாம் டர்பன்டைனில் துடைத்து எடுத்தார். பிறகு, தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் வாட்டர் பேப்பரால் ஒரு பகல் முழுக்கத் தேய்த்து, முதலில் கறுப்பு அடித்தார். பளபளவென்று கறுப்பு. கறுப்புத் தரை நன்றாக வழவழப்பாக அமைந்தால்தான் மேலே வருகிற வெள்ளிக்கு ஆழம் கிடைக்குமாம். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் அது. அம்மா அதைப் பார்த்து, துக்கத்துக்கு ஏற்ற நிறம்தான் என்றார். தவக்காலத்தில் வளர்ந்த மனுஷன் பொம்மை செய்துகொண்டிருப்பதில் அப்பாவுக்கு வருத்தம். ஆனால் சித்தப்பா எதிலாவது கை வைத்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை என்பதால் அவர் வாயைத் திறக்கவில்லை.

அலுமினியம் பெயிண்டை நிறைய டர்பன்டைன் ஊற்றிக் கலக்கி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் அசையாமல் வைத்தார். கனமான தூள் அடியில் இறங்கியதும், மேலே மிதந்த மெல்லிய தூளை மட்டும் இங்க் ஃபில்லரால் உறிஞ்சி எடுத்தார். பிரஷ் கூடாது, தெளிக்க வேண்டும். அதற்கு அவர் கண்டுபிடித்தது அம்மாவின் சென்ட் பாட்டில். குவைத்திலிருந்து முன்பு ஒரு தடவை லீவில் வந்தபோது அவரே வாங்கிவந்து கொடுத்தது, அம்மா ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும் போட்டுக்கொண்டு பத்திரமாக வைத்திருந்தது. மீதி இருந்த சென்ட்டை அம்மா ஒரு மாத்திரை பாட்டிலில் ஊற்றிக்கொண்டு, பாட்டிலைக் கொடுத்தார்.

அது உளுந்து அடிக்கிற சமயம். களத்துத் தூசி ஊர் முழுக்கப் பறந்தது. தெளித்த பெயிண்ட் மேல் தூசி உட்கார்ந்தது. சித்தப்பா மறுபடி தேய்த்தார், மறுபடி கறுப்பு, மறுபடி வெள்ளி. கடைசியில் கூடத்தில் தண்ணீர் தெளித்துத் தரையை நனைத்து, நடுவில் கொசுவலையைக் கட்டி, காரை எடுத்துக்கொண்டு அதற்குள் போய் உட்கார்ந்துவிட்டார். வலையை நான்கு பக்கமும் செருகிவிடுவது என் வேலை. வெளியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். கையை நீட்டி, தள்ளிப் பிடித்து, புகை மாதிரி ஒரு தெளிப்பு. காயும்வரை காத்திருப்பார். மறுபடி ஒன்று. வீடு முழுக்க டர்பன்டைன் நெடியும் சென்ட் வாசனையும்.

ஒருநாள் வலைக்குள் இருந்தபடியே அவர் சொன்னார். சண்டை வருவதற்கு முந்தின நாள் ஒரு காருக்கு இந்த நிறம்தான் அடித்து முடித்தாராம். அவர் அடித்ததிலேயே நன்றாக வந்தது அதுதானாம். காலையில் காரின் சொந்தக்காரர் வருவதற்குப் பதில் பட்டாளத்துக்காரர்கள் வந்தார்களாம். கார் என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார். பெயிண்ட் நன்றாகக் காய்ந்திருந்ததா என்று கேட்டேன். காய்ந்திருந்தது என்றார்.

கடைசியில், பனியன் துணியில் பற்பசையைத் தொட்டு மெதுவாகத் தேய்த்து மெருகேற்றினார். பம்பருக்கு சிகரெட் பெட்டியின் உள்தாளை ஒட்டி நகத்தால் நீவிவிட்டார். கூடத்து மேஜையில் இருந்த காரைப் பார்த்து எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மினுக்கே இல்லை. சித்தப்பாவோ குனிந்து, ஒரு கண்ணை மூடி, அதன் பக்கவாட்டில் எங்கள் வீட்டு ஜன்னல் வளைந்து தெரிவதைப் பார்த்துச் சிரித்தார். சரியாக வந்திருக்கிறதா என்று போட்டோ எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார்.

நீடாமங்கலத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தவர் அவருடைய பள்ளிக்கூடத் தோழர். ஒரு காலையில் கேமராவோடு வந்தார். மேட்டூரில் தண்ணீர் நிறுத்தி மாசக்கணக்கில் ஆகியிருந்ததால் கோரையாறு கரைக்குக் கரை மணலாகக் கிடந்தது. மணலில் காரை வைத்துவிட்டு ஸ்டுடியோக்காரர் குப்புறப் படுத்துக்கொண்டார். கேமரா வழியே பார்த்ததும் அவருக்கு ஒரு குறும்பு தோன்றியது. சித்தப்பாவைப் பின்னால் தள்ளிப் போய் நிற்கச் சொன்னார். இன்னும் தள்ளி, இன்னும் கொஞ்சம் தள்ளி என்று கை காட்டினார். சித்தப்பா ஆற்றின் அந்தக் கரை வரைக்கும் போய்விட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் கேமராவில் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். குவைத் பாலைவனத்தில், ஒரு வெள்ளிக் காருக்குப் பின்னால், இடுப்புக்கு மேல் தெரிய சித்தப்பா நின்றுகொண்டிருந்தார்.

போட்டோ வந்தது. சித்தப்பா அதைக் காரின் பெயிண்டுக்காக மட்டுமே பார்த்தார். அப்பா வேறு மாதிரி பார்த்திருக்க வேண்டும். அடுத்த வாரம் அது கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டப்பட்டிருந்தது.

ஈஸ்டர் முடிந்து திருவிடைமருதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண், கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் நர்ஸ், புருஷனிடம் அடிபட்டு வருகிறவர்களுக்கும் கட்டுப் போடுகிறவர். வயது கொஞ்சம் ஆகிவிட்டது. அவருடைய அப்பா நெல் வியாபாரி. வீட்டுக்கு வந்தவர் சுவரில் இருந்த போட்டோ முன்னால் நின்றுவிட்டார்.

“மாப்பிள்ளையோட காருங்களா?”

எங்கள் அப்பா தினமும் ஜெபமாலை சொல்கிறவர். பொய் சொல்லி நான் கேட்டதில்லை.

“அதெல்லாம் அங்கேயே போச்சுங்க,” என்றார்.

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் அம்மா காப்பியோடு வந்துவிட்டார். வந்தவர் காரைப் பறிகொடுத்தவருக்குத் துக்கம் விசாரிப்பது போல் சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். ஒருவன் நன்றாக வாழ்ந்து இழந்திருந்தால் மறுபடி சம்பாதித்துவிடுவான் என்றார். போகும்போது போட்டோவின் இன்னொரு பிரதியைக் கேட்டு வாங்கிப் போனார். கல்யாணம் நிச்சயமாயிற்று.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது, இதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குக் குருவிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சாமியார் சொல்வார். எத்தனையோ ஓலை கேட்டிருக்கிறேன். சித்தப்பாவின் முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை அவர் என்னையே பார்த்துச் சொல்வது போல் இருந்தது. எனக்குத் தடை தெரியும். சொன்னால் சித்தப்பாவுக்குக் கல்யாணம் நின்றுவிடும். சொல்லாவிட்டால் பாவம். முந்தின வருஷம்தான் புதுநன்மை, அதாவது முதல் தடவை நற்கருணை, வாங்கியிருந்தேன். பாவக் கணக்கெல்லாம் மனப்பாடமாக இருந்தது.

அந்த வாரம் கூறைப்புடவை எடுக்கக் கும்பகோணம் போனோம். பெண் வீட்டாரும் வந்திருந்தார்கள். பெரியவர்கள் புடவைக் குவியலில் மூழ்கியிருக்க, நான் சோறு செரிக்காதவள் மாதிரி உட்கார்ந்திருந்தேனாம். சித்தியாகப் போகிறவர் என்னைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து, பக்கத்துக் கடையில் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார். என்ன விஷயம் என்று கேட்டார். சாமியாரிடம் சொல்வதைவிட இவரிடம் சொல்வது சுலபமாக இருந்தது.

“அந்தக் கார் நெசக் கார் இல்ல.”

அவர் திடுக்கிடவில்லை. கைப்பையைத் திறந்து போட்டோவை எடுத்து, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்தார். மணலில் ஒரு கட்டெறும்பு. அத்தனை பேர் அத்தனை நாள் பார்த்தும் யாருக்கும் அது தெரியவில்லை.

“பூனைக்குட்டி அளவுக்கு எறும்பு குவைத்துல இருக்கும்போலன்னு நெனச்சேன்,” என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியானால் இது தடை இல்லையா என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

“எனக்குத் தெரியாம இருந்தாத்தான் அது தடை. எனக்குத்தான் தெரியுமே.”

பிறகு, யார் பெயிண்ட் அடித்தது என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். ஜிகினா, கறுப்பு, சென்ட் பாட்டில், உளுந்துத் தூசி, கொசுவலை. அவர் தன் சோடாவைக் குடிக்காமல் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். காரைப் பற்றி ஏதாவது கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை. தூசி விழுந்து கெட்டுப்போனபோது சித்தப்பா என்ன செய்தார் என்று கேட்டார். தேய்த்துவிட்டு மறுபடி அடித்தார் என்றேன். யாரையாவது திட்டினாரா, எதையாவது தூக்கிப் போட்டு உடைத்தாரா, கோபம் வந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். நிச்சயமாகவா என்று மறுபடி கேட்டார். நிச்சயமாக என்றேன். போட்டோவைப் பைக்குள் வைத்துக்கொண்டு, இதைப் பற்றி அவர் அப்பாவிடமும் என் அப்பாவிடமும் பேச வேண்டாம் என்று சொல்லிக் கடைக்குள் போனார். அரக்கு நிறத்தில் ஒரு புடவையை உடனே எடுத்துவிட்டார்.

இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா நன்மை வாங்கப் போகவில்லை. மனசில் பாவம் இருந்தால் நன்மை வாங்கக் கூடாது. எல்லோரும் எழுந்து வரிசையில் போக, அவர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மத்தியானம் சாப்பிடும்போது, பெண் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றார். அப்பா சோற்றில் கையை வைத்தபடியே இருந்தார்.

“ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. இப்பப் போயி என்னத்தச் சொல்லப் போற?”

“உள்ளதத்தான், அண்ணே.”

“நான் பொய் ஒண்ணும் சொல்லலியே.”

“நெசத்தை நீங்களும் சொல்லல. நானும் சொல்லல.”

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். தனியாகப் போக அவருக்குத் தைரியம் இல்லை என்று அம்மா நினைத்தார். எனக்குக் காரை மடியில் வைத்துக்கொள்ளும் வேலை. புதுத் துண்டில் சுற்றி, கைரேகை படாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னார். கும்பகோணத்தில் பஸ் மாறினோம். 

சித்தியின் அப்பா எங்களைப் பார்த்ததும் வாசலுக்கே வந்து, வாங்க மாப்ள என்று தடபுடல் செய்தார். சித்தப்பா உட்காரவில்லை. மேஜை மேல் துண்டைப் பிரித்தார்.

“அந்தக் கார் இதுதான், மாமா. எனக்குச் சொந்தமா அங்க கார் எதுவும் இருந்ததில்ல. பட்டறையில பெயிண்ட் அடிச்சிட்டிருந்தேன்.”

அவர் முதலில் இதை ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். பிறகு உள்ளே போய் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். போட்டோவைக் கேட்டார். சித்தி கொண்டுவந்து கொடுத்தார். போட்டோவையும் காரையும் மாற்றி மாற்றிப் பார்க்கப் பார்க்க அவர் முகம் இறுகியது. காரைத் தூக்கி, அடியில் பார்த்து, மேஜையில் வைத்தார். கூரையில் அவருடைய பெருவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது.

“சரி. நீங்க போயிட்டு வாங்க, தம்பி.”

மாப்ள, தம்பியாக ஆனதை நான் கவனித்தேன். சித்தப்பா தலையாட்டிவிட்டுத் துண்டை எடுத்தார்.

“எனக்கு முன்னாடியே தெரியும்பா,” என்றார் சித்தி.

அவர் அப்பா திரும்பிப் பார்த்தார். “தெரிஞ்சுட்டு ஏன் சொல்லல?”

“கார் இல்லாத மாப்பிள்ளைன்னா நீங்க சரின்னிருக்க மாட்டீங்களே.”

 அவர் வாசல் பக்கம் போய், நெல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஆட்களிடம் தேவையில்லாமல் எதையோ அதட்டினார். நாங்கள் போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றோம். சித்தியும் சித்தப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் காரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து, இனி என்ன வேலை செய்வதாக உத்தேசம் என்று கேட்டார். சித்தப்பா தஞ்சாவூரில் ஒரு பட்டறையில் பேசிவைத்திருந்தார். எனக்கே அப்போதுதான் தெரியும். புதுசு புதுசாகக் கார் இறங்குகிறது, எல்லாம் இந்த மாதிரி நிறம், இடித்துக்கொண்டு வந்தால் பொருத்தி அடிக்க இங்கே ஆள் இல்லை என்றார்.

சித்தியின் அப்பா மறுபடி காரைப் பார்த்தார். இந்தத் தடவை தொடவில்லை.

“அண்ணன்கிட்ட சொல்லுங்க. மூணாவது ஓலையும் வாசிக்கட்டும்,” என்றார். பிறகு, “இது இங்கேயே இருக்கட்டும்,” என்று காரைக் காட்டினார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. மடி காலியாக இருந்தது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. திருநாகேஸ்வரம் தாண்டியதும் சித்தப்பா கேட்டார், சித்திக்கு முன்பே தெரியும் என்பது எனக்குத் தெரியுமா என்று. அப்பாக்கள் இருவரிடமும்தான் பேசக் கூடாது என்று சித்தி சொல்லியிருந்தார். சித்தப்பாவிடம் சொல்லலாம் என்று முடிவு செய்து எல்லாவற்றையும் சொன்னேன். எறும்பைப் பற்றிக் கேட்டபோது அவர் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன்.

“வேற என்ன கேட்டாங்க?”

“உங்களுக்குக் கோவம் வந்துச்சான்னு கேட்டாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“வரலைன்னு சொன்னேன்.”

சிரிப்பு நின்றுவிட்டது. அவர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“வந்துச்சு பாப்பா,” என்றார். “நெறைய வந்துச்சு.”

 சித்தியிடம் நிச்சயமாக என்று சொல்லியிருந்தேனே. யார் மேல் என்று கேட்டேன். அவர் சொல்லவில்லை. நானே கேட்டுக்கொண்டு வந்தேன். கேட் பெயிண்டை விற்ற கடைக்காரர் மேலா? இல்லை என்று தலையாட்டினார். உளுந்து அடித்தவர்கள் மேலா? இல்லை. போட்டோவை மாட்டினதால் அப்பா மேலா? அதற்கும் இல்லை. கொஞ்சம் பயந்துகொண்டு, என் மேலா என்று கேட்டேன். என் தலையைத் தன் பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, குவைத்தில் விட்ட அந்தக் காரில் பெயிண்ட் நன்றாகக் காய்ந்திருந்தது என்று மட்டும் சொன்னார்.

எனக்குத் தெரிந்த ஆட்கள் அவ்வளவுதான். அவர்களைத் தவிர சித்தப்பா கோபப்பட இந்த உலகத்தில் வேறு யார் இருக்க முடியும் என்று நீடாமங்கலம் வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.